திறந்த கலத்து மது: காற்றிலிருந்து காத்தலின் வரலாறும் யவனர் தேறலும்

முன்னுரை

புறநானூற்றின் 56ஆம் பாடல் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடியதாகும். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தி நாள்தோறும் ஊட்ட, அதனை உண்டு மன்னன் மகிழ்ந்து இனிது வாழவேண்டும் என்று புலவர் வாழ்த்துகிறார். யவன வணிகம் பற்றி எழுதுவோர் இப்பாடலைத் தவறாது சான்று காட்டுவர். ‘கலம்’ என்னும் சொல் ஏனத்தையும் குறிக்கும், மரக்கலத்தையும் குறிக்கும். ஆதலின் தேறல் நல்ல ஏனத்தில் வந்ததா, நல்ல கப்பலில் வந்ததா என்னும் வினா எழுப்பப்படுவதுண்டு. ஆயின், அப்பாடலில் உள்ள ‘நாள்தோறும்’ என்னும் பொருளும் அதே அளவு கவனத்திற்கு உரியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திராட்சை மது திறந்தபின் நெடுநாள் நில்லாது. இன்று ஒரு வீட்டில் முக்கால் லிட்டர் குப்பியைத் திறந்து பாதியை அருந்தி மீதியை வைத்தால், சில நாள்களில் அதன் மணம் மங்கிச் சுவை புளிக்கத் தொடங்குகிறது. உரோமர் காலத்துச் சாடியோ ஏறத்தாழ 26 லிட்டர் கொண்டது. அது இன்றைய குப்பிகள் முப்பத்தைந்திற்கு ஒப்பாகும். அத்தகைய சாடி மதுரையின் வெப்பத்தில் திறக்கப்பட்டபின் நாள்தோறும் பயன்பட்டது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண, திறந்த மதுவைக் காக்க மத்தியதரைக் கடல் நாட்டாரும் பிற்கால ஐரோப்பியரும் கையாண்ட முறைகளை வரலாற்று முறையில் நோக்குவதும், அவற்றின் ஒளியில் புறப்பாடலை மீண்டும் அணுகுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறந்த மதுவிற்கு நேர்வது

திறந்த மதுவைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, வேதிமாற்றம். காற்றில் ஐந்தில் ஒரு பங்காக உள்ள உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், மதுவிலுள்ள துவர்ப்பொருள்களோடு வினைபுரிகிறது. அதன் தொடர்விளைவாகச் சாராயத்தின் ஒரு பகுதி அசெட்டால்டிஹைடு என்னும் பொருளாக மாறுகிறது. வெட்டிவைத்த ஆப்பிளின் மணத்தை ஒத்த மந்தமான மணம் இதனால் தோன்றுகிறது. வெள்ளை மது பழுப்பேறுகிறது. சிவப்பு மது செங்கல் நிறம் கொள்கிறது. மற்றொன்று, நுண்ணுயிர் வினை. காற்றிருந்தால் மட்டுமே பெருகக்கூடிய பாக்டீரியா வகை, மதுவின் மேற்பரப்பில் ஆடையாகப் படர்ந்து சாராயத்தை அசெட்டிக் அமிலமாக மாற்றுகிறது. இதுவே காடி, அதாவது வினிகர், உண்டாகும் முறையாகும்.

இவ்விரண்டிற்கும் அடிப்படை காற்று. அதன் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். முக்கால் லிட்டர் குப்பியில் பாதி ஒழிந்தால் 375 மில்லிலிட்டர் காற்று உட்புகும். அதில் உயிர்வளி ஏறத்தாழ 80 மில்லிலிட்டர். எடையில் 100 மில்லிகிராம் அளவு. எஞ்சிய மது ஒரு நேரத்தில் கரைத்துக்கொள்ளக் கூடிய உயிர்வளியோ 3 மில்லிகிராம் அளவே. கரைந்தது வினையில் செலவாகச் செலவாக மேலும் கரையும். ஆகவே தக்கையை மீண்டும் இறுக அடைப்பதால் மட்டும் மது காக்கப்படுவதில்லை. கெடுப்பது ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்டது.

குப்பியின் வடிவமும் இங்குக் கருதத்தக்கது. கழுத்துவரை மது நிறைந்திருக்கும்போது காற்றைத் தொடும் பரப்பு ஒரு நாணயத்தின் அளவே. மட்டம் தோளுக்குக் கீழே இறங்கியதும் அப்பரப்பு பன்மடங்காக விரிகிறது. குப்பியைக் கிடத்திவைத்தால் மேலும் விரியும். திறந்த குப்பியை நிமிர்த்தி வைக்கவேண்டும் என்னும் எளிய வழக்கத்திற்கு இதுவே காரணம். குறுகிய கழுத்தும் பருத்த வயிறும் உடைய பண்டைச் சாடிக்கும் இவ்விதி பொருந்தும்.

ஹீசியட்டும் புளூட்டார்க்கும்

திறந்த சாடியைப் பற்றிய எண்ணம் ஐரோப்பிய இலக்கியத்தின் தொடக்க காலத்திலேயே காணப்படுகிறது. கி.மு. 700 அளவில் வாழ்ந்த கிரேக்கப் புலவர் ஹீசியட், தம் ‘வேலைகளும் நாள்களும்’ என்னும் நூலில், சாடியைத் திறந்த தொடக்கத்திலும் அது தீரும் தறுவாயிலும் தாராளமாகக் கொள்ளலாம் என்றும், இடைப்பகுதியில் சிக்கனம் வேண்டும் என்றும் அறிவுரை கூறுகிறார். அடிக்கு வந்தபின் சிக்கனம் பயன்தராது என்பது அவர் கருத்து. இது குடும்பச் சிக்கனம் பற்றிய உழவரின் அறிவுரையாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப்பின் வாழ்ந்த புளூட்டார்க், தம் விருந்து உரையாடல்களின் ஏழாம் பகுதியில் இவ்வறிவுரையை எடுத்துக்கொண்டு, பொருள்களின் இயல்பு நோக்கி ஆராய்கிறார். எண்ணெயில் மேற்பகுதி சிறந்தது, தேனில் அடிப்பகுதி சிறந்தது, மதுவில் நடுப்பகுதி சிறந்தது. இதற்குக் காரணம் யாது என்பது அங்கு எழுப்பப்படும் வினா. அடியிலுள்ள மது வண்டலால் கெடுகிறது. மேலுள்ளது காற்றின் அண்மையால் கெடுகிறது என்னும் விளக்கம் அங்கே தரப்படுகிறது. காற்று மிகுதியும் படாதிருக்கவே சாடிகளை மண்ணில் புதைத்து மூடிவைக்கின்றனர் என்றும், நிறைந்த சாடியைவிடக் குறைந்த சாடியில் மது எளிதில் கெடுவதற்கு வெற்றிடத்தில் புகுந்த காற்றே காரணம் என்றும் விளக்கம் தொடர்கிறது.

உயிர்வளி என்னும் ஒன்று உண்டென்பது பதினெட்டாம் நூற்றாண்டில்தான் அறியப்பட்டது. அதற்குப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே, ‘குறைகலமே கெடும் கலம்’ என்னும் உண்மை விருந்தில் அமர்ந்தோர் பேசும் பொருளாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அறிவியல் பின்னர்க் காரணம் கண்டது. பட்டறிவு முன்னரே விதியைக் கண்டது.

கிரேக்கர் விருந்தில் இதற்கு இயல்பானதொரு தீர்வும் இருந்தது. மதுவை அகன்ற கலத்தில் ஊற்றி நீர் கலந்து, கூடியிருந்தோர் அனைவர்க்கும் அன்றே பகிர்ந்தனர். திறந்ததை மிச்சம் வையாமையே எல்லாக் காப்பு முறைகளிலும் பழமையானதும் பிழையற்றதுமாகும்.

கீலும் பிசினும் உவர்நீரும்

எனினும் எல்லா மதுவும் ஒரே நாளில் தீர்ந்துவிடாது. ஆகவே கலத்தை மட்டுமன்றி மதுவையே காற்றிற்கு ஈடுகொடுக்கச் செய்யும் முறைகள் தோன்றின. ஈரானின் ஹாஜி ஃபிரூஸ் தெப்பே என்னும் இடத்தில் கிடைத்த, கி.மு. ஆறாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியைச் சார்ந்த சாடியின் படிவில் திராட்சை அமிலத்தின் உப்போடு மரப்பிசினின் தடயமும் காணப்பட்டதை, பாட்ரிக் மெக்காவர்ன் குழுவினர் 1996இல் வெளியிட்டனர். பிசின் நுண்ணுயிர்ப் பெருக்கத்தைத் தடுக்கும் தன்மையது. கிரேக்க நாட்டில் பிசின் மணமுடைய ‘ரெட்சினா’ இன்றும் அருந்தப்படுகிறது. கெடாமைக்காகத் தொடங்கிய முறை, தேவை தீர்ந்த பின்னும் சுவையாக நிலைத்துவிட்டது.

உரோமர் தம் சாடிகளின் உட்புறத்தில் பைன் மரக் கீலைப் பூசினர். சுடுமண்ணின் நுண்துளைகளை அது அடைத்தது. வாயைத் தக்கையால் மூடி மேலே சாந்து இட்டனர். மதுவோடு சேர்ப்பனவற்றைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கேட்டோவும் கி.பி. முதல் நூற்றாண்டின் கொலுமெல்லாவும் தம் வேளாண் நூல்களில் விரித்துரைக்கின்றனர். காய்ச்சிக் குறுக்கிய திராட்சைச்சாறு, பிசின், உப்பு, கடல்நீர் என்பன அவற்றுள் சில. ஈஜியன் கடலிலுள்ள காஸ் தீவின் மது கடல்நீர் கலந்தது; அதனைப் போன்ற மதுவை இத்தாலியிலேயே செய்யும் முறையைக் கேட்டோ தருகிறார்.

காஸ் தீவின் மது நமக்குத் தனி முதன்மை உடையது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் மார்டிமர் வீலர் 1945இலும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையிலும் நடத்திய அகழாய்வுகளில் மத்தியதரைக் கடற்பகுதிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், காஸ் தீவு வகைச் சாடிகளை அங்கு அடையாளம் கண்டார். அழகன்குளம், வசவசமுத்திரம் ஆகிய இடங்களிலும் இத்தகைய இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்துள்ளன. கேரளத்தின் பட்டணத்தில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் அவை மிகுதியாக வெளிப்பட்டன. ஆகவே தமிழகக் கரையை வந்தடைந்த மதுவில் ஒரு பகுதியேனும், உவர்நீராலும் கீலாலும் முன்னரே காப்புப் பெற்றதாக இருந்திருத்தல் கூடும். அது இன்றைய சுவைக்கு உகந்ததாயிராது. ஆயின் திறந்த சாடியில் ஓரளவு தாக்குப்பிடித்திருக்கும்.

சுருங்கும் கலமும் எண்ணெய் மூடியும்

சாடிக்கு முன்னும் பின்னும் வழங்கிய மற்றொரு கலம் தோற்பை. ஓமரின் ஒடிசியில், ஒற்றைக்கண் அரக்கனை மயக்கிய மது ஆட்டுத்தோற் பையில் கொண்டுசெல்லப்பட்டது. மதுவை ஊற்ற ஊற்றத் தோற்பை தானே சுருங்கும். அதனால் எஞ்சிய மதுவின்மேல் வெற்றிடம் உண்டாவதில்லை. சாடியும் குப்பியும் தம் வடிவம் மாறாத காரணத்தாலேயே காற்றை உள்ளே இழுக்கின்றன. தோற்பைக்கு அக்குறை இல்லை. இக்கருத்து இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் உயிர்பெற்றதைப் பின்னர்க் காண்போம்.

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், வைக்கோல் பின்னிய ‘ஃபியாஸ்கோ’ என்னும் குடுவையின் கழுத்தில் மதுவின்மேல் சிறிது ஒலிவ எண்ணெய் விட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. மிதக்கும் எண்ணெய் காற்றைத் தடுத்தது. அருந்துமுன் அதனை உறிஞ்சியோ உதறியோ நீக்கினர். ஊறுகாய்ச் சாடியில் எண்ணெய் மேலே நிற்க வேண்டும் என்று நம் இல்லங்களில் கூறப்படுவதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

பீப்பாயும் கந்தகத் திரியும்

ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் மதுவை வளையமிட்ட மரக்கலங்களில் வைத்தனர் என்று பிளினி குறிப்பிடுகிறார். உரோமப் பேரரசின் பிற்காலத்தில் பீப்பாய் படிப்படியாகச் சாடியின் இடத்தைப் பெற்றது. உருட்டுவதற்கு எளியது, எளிதில் உடையாதது. ஆயின் மரத்தின் வழியே மது சிறிது சிறிதாக ஆவியாகி, உள்ளே வெற்றிடம் தோன்றும். ஆகவே பாதுகாவலர் அடிக்கடி புதுமது ஊற்றிப் பீப்பாயை வாய்வரை நிரப்ப வேண்டியிருந்தது. இவ்வழக்கம் மதுக்கூடங்களில் இன்றும் தொடர்கிறது.

இதற்கு நேர்மாறான தொழிலும் அருகிலேயே நடந்தது. பிரான்சின் ஓர்லியான் நகரத்துக் காடி செய்வோர், பீப்பாயை வேண்டுமென்றே குறையாக நிரப்பி, காற்றுப் புகத் துளையும் இட்டனர். ஒரே பொருள், ஒரே கலம். நிறைத்துவைத்தால் மது, குறைத்துவைத்தால் காடி. புளூட்டார்க்கின் கூற்றிற்கு இதனினும் தெளிவான செய்முறைச் சான்று வேண்டுவதில்லை.

ஓலாந்து வணிகர் வழியாகப் பரவிய கந்தகத் திரி பதினெட்டாம் நூற்றாண்டில் போர்தோப் பகுதியில் பெருவழக்காயிற்று. கந்தகத்தில் தோய்த்த திரியைப் பீப்பாயினுள் எரித்தால் உண்டாகும் புகை நுண்ணுயிரை ஒடுக்குகிறது. மதுவில் கரைந்து நின்று உயிர்வளியின் தீவிளைவையும் ஏற்றுக்கொள்கிறது. இன்றைய குப்பிகளில் ‘சல்ஃபைட்’ என்று குறிக்கப்படுவது அக்கந்தகத்தின் வழிவந்ததே. ஆயின் அது செலவாகக்கூடிய காவல். குப்பியைத் திறந்தபின் புகும் காற்று அதனை விரைவில் தீர்த்துவிடுகிறது.

வேறொரு வழி, மதுவிற்கு வலுவேற்றுதல். வடித்த சாராயத்தைச் சேர்த்துச் செறிவை நூற்றுக்குப் பதினேழு முதல் இருபது வரை உயர்த்தினால் காடிப் பாக்டீரியா தழைப்பதில்லை. போர்த்துகல் நாட்டின் மதைராத் தீவின் மது இவ்வகையது. இந்தியா நோக்கி வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வழியில் அத்தீவில் தங்கி அதனை ஏற்றிவந்தன. வெப்பமண்டலக் கடலைக் கடக்கும்போது கப்பலின் சூட்டில் அதன் சுவை கெடுவதற்கு மாறாக மேம்பட்டது என்று வணிகர் கண்டனர். பின்னர் அச்சூட்டைத் தீவிலேயே செயற்கையாக ஊட்டினர். பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைப் புனித சார்ச்சுக் கோட்டை ஆங்கிலேயரும் பிற இந்திய நகர ஆங்கிலேயரும் மதைராவைப் பெரிதும் விரும்பினர். வெப்பத்தாலும் காற்றாலும் முன்னரே பதப்பட்ட மது, திறந்தபின் இழப்பதற்குச் சிறிதே உடையது; பல மாதங்கள் நிற்கும். வெப்ப நாட்டிற்கு அது பொருந்தியதில் வியப்பில்லை.

குப்பியும் பாஸ்டரும்

இங்கிலாந்தில் 1615ஆம் ஆண்டின் அரசாணை கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதைத் தடைசெய்தது. நிலக்கரியின் மிகுந்த வெப்பத்தில் வலிய, கருநிறக் கண்ணாடி பிறந்தது. அத்தகைய குப்பிகளை உருவாக்கிய பெருமை கெனெல்ம் டிக்பிக்கு உரியதென 1662இல் ஏற்கப்பட்டது. தக்கையும் அதனைப் பிடுங்கும் திருகும் உடன்வந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் குப்பி உருளை வடிவம் பெற்றதால் கிடத்திவைக்க முடிந்தது. தக்கை நனைந்து விம்மிக் காற்றை நன்கு தடுத்தது. மூடிய மதுவைப் பல்லாண்டு காக்கும் திறன் இவ்வாறு வாய்த்தது. மூடிய நிலையில் பெற்ற இவ்வெற்றியே திறந்த நிலையின் குறையை மேலும் வெளிப்படுத்தியது எனலாம். இருபது ஆண்டு காத்த மது, திறந்த சில மணி நேரத்தில் மணமிழப்பதும் உண்டு.

இதன் காரணத்தைச் சோதனையால் விளக்கியவர் லூயி பாஸ்டர். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் 1863இல் மதுக்கேடு பற்றி ஆராயுமாறு அவரை வேண்டினார். அவ்வாய்வின் பயனாக 1866இல் ‘மது பற்றிய ஆய்வுகள்’ என்னும் நூல் வெளிவந்தது. மதுவின் நோய்களுக்கு நுண்ணுயிரே காரணம் என்றும், 50 முதல் 60 பாகை வெப்பம் ஊட்டினால் அவை அழியும் என்றும் அவர் காட்டினார். உயிர்வளி அளவோடு மெல்லப் புகுந்தால் மது முதிர்ந்து சிறக்கும் என்பதும், மிகுதியாகப் புகுந்தால் கெடும் என்பதும் அவர் கண்ட மற்றோர் உண்மை. ஆகவே காற்று மதுவிற்குப் பகை மட்டுமன்று. அளவு கடந்தபோதே பகை. இதனை ‘மிகினும் குறையினும் நோய்’ என்னும் நம் மருத்துவ நெறியோடு ஒப்பிடலாம்.

பாஸ்டரின் சூடேற்றும் முறை மூடிய கலத்தையே காக்கும் என்பதும் கருதற்குரியது. திறந்தவுடன் புதிய நுண்ணுயிரும் புதிய காற்றும் புகுந்துவிடுகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் கருவிகள்

தென் ஆஸ்திரேலியாவைச் சார்ந்த தாமஸ் ஆங்கோவ் 1965இல் அட்டைப் பெட்டிக்குள் நெகிழிப் பை வைத்து மது விற்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் பையின் மூலையைக் கத்தரித்து ஊற்றியபின் ஒரு கவ்வியால் மூடவேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் குழாய் பொருத்தப்பட்டது. மது குறையக் குறையப் பை சுருங்குவதால் பல வாரங்கள் கெடாது நிற்கிறது. ஓமரின் தோற்பையே வேறுருவில் திரும்பி வந்தது எனலாம்.

குப்பியிலிருந்து கைவிசைக் குழலால் காற்றை உறிஞ்சும் கருவி 1980களில் ஓலாந்தில் தோன்றி இல்லங்களில் பரவியது. அது காற்றை முழுதும் நீக்குவதில்லை. எஞ்சும் உயிர்வளியே சிறிது சிறிதாகக் கெடுக்கப் போதுமானது. வினைபுரியாத வளியை நிரப்புதல் இதனினும் செம்மையானது. ஆர்கான் வளி காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமுடையது. 2013இல் விற்பனைக்கு வந்த ‘கொராவின்’ என்னும் கருவி, தக்கையை நீக்காமலே நுண்ணிய ஊசியைச் செலுத்தி, ஆர்கானை உட்செலுத்தி மதுவை வெளிக்கொணர்கிறது. ஊசி வெளிவந்தபின் தக்கை தானே மூடிக்கொள்கிறது. திறவாமலே திறத்தல் என்னும் முரணை இது மெய்ப்பிக்கிறது.

இக்கருவிகள் இல்லாத இல்லத்தார்க்கு எளிய முறைகளே போதும். முதலாவது, குளிர். வெப்பம் குறைந்தால் வேதிமாற்றமும் நுண்ணுயிர் வினையும் மெதுவாகும். சிவப்பு மதுவாயினும் திறந்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே தக்கது. இரண்டாவது, சிறிய கலம். குப்பியைத் திறந்தவுடனேயே பாதியைத் தூய சிறு குப்பியில் வாய்வரை நிரப்பி மூடினால், காற்றுக்கு இடமில்லாது போகும். கண்ணாடிக் கோலிகளைக் குப்பியில் இட்டு மட்டத்தை உயர்த்துவாரும் உளர். தாகமுற்ற காக்கை கல்லிட்டு நீரை உயர்த்திய கதையை இது நினைவூட்டும். இம்முறைகளால் சாதாரண வெள்ளை மதுவும் சிவப்பு மதுவும் மூன்று முதல் ஐந்து நாள் வரை நிற்கும். துவர்ப்பு மிகுந்த இளமது சற்றுக் கூடுதலாகத் தாங்கும். முதிர்ந்த மது தாங்காது. நுரைக்கும் மதுவிற்கு அழுத்தம் தாங்கும் கவ்வி மூடி வேண்டும். அதன் குப்பிவாயில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிட்டால் நுரை நிற்கும் என்னும் ஐரோப்பிய நம்பிக்கை சோதனையில் பொய்த்தது.

மீண்டும் யவனர் தேறல்

இவ்வரலாற்றின் பின்னணியில் புறப்பாடலுக்குத் திரும்புவோம். கலத்தை மூடி வைத்து மதுவை முதிர்விக்கும் அறிவு தமிழர்க்குப் புதியதன்று. மூங்கிற் குழாயில் முற்றிய தேறலை முடமோசியார் பாடிய புறநானூறு 129ஆம் பாடல் குறிப்பிடுகிறது. நிலத்தில் புதைத்து முதிர்வித்த தேறலைக் கபிலர் பாடிய 120ஆம் பாடல் குறிப்பிடுகிறது. கணுவால் அடைபட்ட மூங்கில் இயற்கை தந்த மூடுகலம். நிலத்தில் புதைத்தலோ புளூட்டார்க் கூறும் முறையோடு ஒத்தது. புதைத்த கலம் வெப்ப ஏற்றத்தாழ்விலிருந்தும் தப்புகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று கடன்பெற்றது என்று கொள்ள இது சான்றாகாது. ஒரே இடையூற்றிற்கு இரு நாட்டாரும் ஒரே விடையைத் தனித்தனியே கண்டனர் என்பதே பொருந்தும். இறக்கிய கள் ஒரே நாளில் புளிப்பதைக் கண்டறிந்தவர்க்குத் திறந்த யவனச் சாடியின் இயல்பும் விளங்காதிருந்திராது.

இனி ‘நாள்தோறும்’ என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். யவனக் கப்பல்கள் பருவக்காற்றை நம்பி ஆண்டுக்கு ஒருமுறை வந்தன. அரண்மனையில் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் மட்டுமே செலவானதாகக் கொண்டாலும், ஓராண்டிற்கு 730 லிட்டர், அதாவது ஏறத்தாழ 28 சாடிகள் வேண்டும். ஒரு சாடி திறந்தால் 13 நாள் நிற்கவேண்டும். அதன் பிற்பாதி காற்று நிறைந்த கலத்தில் கழியும். ஆகவே நாள்தோறும் நல்ல தேறல் கிடைக்க மூன்று வழிகளே உண்டு. திறந்த சாடியை அரசவையும் சுற்றமும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும் அளவு சாடிகள் மிகுந்திருக்க வேண்டும். அல்லது திறந்தவுடன் சிறுகலங்களில் நிறைத்துப் பகுக்க வேண்டும். அல்லது உவர்நீரும் பிசினும் கலந்த தாங்கும் வகை மதுவாக இருந்திருக்க வேண்டும்.

எவ்வழியாயினும் மூடிய சாடிகளை அடுக்கிவைத்து ஒவ்வொன்றாகத் திறக்கும் இருப்பு முறை இன்றியமையாதது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எழுந்த பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல், முசிறி முதலிய துறைகளுக்கு மது வந்தது என்றும், அதுவும் மிகுதியாக அன்று என்றும் கூறுகிறது. அரிதாக வந்த பொருளை அன்றாடப் பொருளாக நுகர்தலே அரசச் செல்வத்தின் அடையாளம். பாடல் வாழ்த்தாகலின் அதனை அரண்மனைக் கணக்கேடாகக் கொள்ளல் ஆகாது. எனினும் வாழ்த்தின் சிறப்பு எங்குள்ளது என்பதை இக்கணக்கு தெளிவிக்கிறது. பொற்கலமும் மகளிரும் எந்த மன்னனுக்கும் உரியன. கடல்கடந்து வந்து, திறந்தால் கெடும் தேறல் ஒருநாளும் புளியாமல், குளிர்ச்சியும் மணமும் குன்றாமல் நாள்தோறும் வாய்த்தல் அவ்வாறன்று.

இந்நோக்கில் ‘கலம்’ பற்றிய வினாவிற்கும் ஒரு சிறு வெளிச்சம் கிடைக்கிறது. கலம் என்பது ஏனமாயின், ‘நல்ல’ என்னும் அடை வெறும் அழகைக் குறித்ததாகாது. கீல் பூசி, தக்கையிட்டு, சாந்தால் மூடி, நெடும்பயணத்திலும் மணம் காத்த திறத்தைக் குறித்ததாகக் கொள்ளலாம். கப்பல் எனக் கொள்வாரை இது முற்றாக மறுக்காது. ஆயின் தேறலின் மணத்தோடு சேர்த்துக் கூறப்படும் இடத்தில் ஏனம் என்னும் பொருளே நெருங்கி நிற்கிறது.

முடிவுரை

திறந்த மதுவைக் காக்கும் முறைகள் யாவும் நான்கனுள் அடங்கும்: விரைந்து தீர்த்தல், வெற்றிடத்தைச் சுருக்குதல், காற்றை வேறொன்றால் விலக்குதல், மதுவையே குளிராலும் கந்தகத்தாலும் வலுவாலும் தாங்கச்செய்தல். ஹீசியட்டின் சாடி முதல் ஆர்கான் ஊசி வரை கருவிகள் மாறின, இந்நான்கும் மாறவில்லை. யவனத் தேறலைப் பற்றிய ஆய்வு, அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு விலைக்கு வந்தது என்பதோடு நில்லாமல், வந்தபின் எவ்வாறு வைக்கப்பட்டது என்பதையும் நோக்கவேண்டும். தமிழகத் தொல்லியல் களங்களில் கிடைக்கும் சாடி ஓடுகளின் உட்புறப் படிவுகளை வேதியியல் முறையில் ஆராய்வதும், அவற்றோடு கிடைக்கும் உள்நாட்டுச் சிறுகலங்களில் மதுவின் தடயம் உண்டா எனத் தேடுவதும் இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணிகளாகும். சிறுகலங்களில் அத்தடயம் கிடைப்பின், பெருஞ்சாடியிலிருந்து பகுத்து நிறைத்துக் காத்தனர் என்னும் கருத்திற்கு அது துணைநிற்கும். அப்போது நக்கீரனாரின் ‘நாள்தோறும்’ பற்றிய வினாவிற்கு மண்ணே விடை கூறும்.